எடின்பரோவா, ஸ்டர்லிங்கா? ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் என்றால்

ஸ்காட்லாந்துக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் எடின்பரோவில் தங்குகிறார்கள். பயணத்தில் ஒரு பகலைக் கோட்டை பார்ப்பதற்கென்று ஒதுக்குகிறார்கள். எந்தக் கோட்டை என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதே இல்லை. ஊரின் நடுவே கரும்பாறைமேல் ஒன்று நிற்கிறது. அதற்கே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். என் பரிந்துரை வேறு. ஒரே கோட்டைக்குத்தான் பொழுதும் பணமும் இருக்கிறது என்றால், எடின்பரோவிலிருந்து ஏறக்குறைய 50 நிமிட ரயில் பயணத்தில் இருக்கும் ஸ்டர்லிங் கோட்டைக்குப் போங்கள். எடின்பரோவை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. அங்கே இருப்பவற்றில் சில வேறெங்கும் காணக் கிடைக்காதவை. அவற்றுக்காகவே எடின்பரோவைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களும் உண்டு.

இந்தக் கோட்டைகளை ஒப்பிட எனக்குக் கைகொடுப்பது ராணி மேரியின் வாழ்க்கை. 1542 டிசம்பர் 8 அன்று லின்லித்கோ அரண்மனையில் பிறந்தார். ஆறே நாளில் தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் இறந்துபோக, கைக்குழந்தை ஸ்காட்லாந்தின் ராணியானது. ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போது ஸ்டர்லிங் கோட்டையில் முடிசூட்டினார்கள். 1566 ஜூன் 19 அன்று எடின்பரோ கோட்டையில் மேரிக்கு மகன் பிறந்தான்; பின்னாளில் ஆறாம் ஜேம்ஸ் ஆனவன் அவன்தான். அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்டர்லிங்கில் வாணவேடிக்கையோடு அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. 1567 ஏப்ரலில் ஸ்டர்லிங்குக்கு வந்து பத்து மாதக் குழந்தையைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டவர், அதன்பிறகு 1587இல் தலை வெட்டப்படும் வரை மகனைப் பார்க்கவே இல்லை. லின்லித்கோ, ஸ்டர்லிங், எடின்பரோ மூன்றையும் தொட்டுப் போகிற இந்தக் கதை எந்த இடத்தில் நம் கண்முன் விரிகிறது என்று பார்த்தால், தேர்வு பாதி முடிந்துவிடும்.

எடின்பரோவில் மேரி பிள்ளை பெற்ற அறை இன்றும் இருக்கிறது. மிகச் சிறிய அறை. சுவரில் மரப்பலகை பதித்திருக்கிறார்கள். ஒரு கட்டில் போட்டு, மருத்துவச்சியும் தோழிகள் இருவரும் நின்றால் நிறைந்துவிடும். இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒரே முடியின்கீழ் கொண்டுவந்த அரசன் பிறந்தது இவ்வளவு நெருக்கடியான இடத்திலா என்ற வியப்பு வராமல் போகாது. ஆனால் அந்த வியப்பை அனுபவிக்க நேரம் கிடைப்பதில்லை. கோடைக்காலத்தில் ஆட்கள் வரிசையாக உள்ளே வந்து, ஒரு படம் எடுத்து, மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள். அதைத் தாண்டி அரண்மனையாகப் பார்க்க எடின்பரோவில் அதிகமில்லை. 1603இல் ஆறாம் ஜேம்ஸ் லண்டன் அரியணையில் ஏறிய பிறகு மன்னர்கள் இங்கே வருவது அருகிப்போனது. கோட்டை ராணுவத்தின் கைக்குப் போயிற்று. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி படைவீடு, பீரங்கித் தளம், சிறை, போர் அருங்காட்சியகம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1927இல் திறக்கப்பட்ட தேசிய நினைவகம். எல்லாரும் படமெடுத்துக்கொள்கிற முன்வாசல்கூட 1888இல்தான் கட்டப்பட்டது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மன்னன் ராபர்ட் புரூஸ், வீரன் வில்லியம் வாலஸ் இருவரின் சிலைகள் அதன் இருபுறமும் நிற்கின்றன. அவை 1929இல் வந்தவை.

அப்படியானால் எடின்பரோ டிக்கெட்டுக்கு என்ன கிடைக்கிறது? மூன்று பொருள்கள், மூன்றும் உயர்ந்தவை.

முதலாவது மணிமகுடம். கிரீடம், செங்கோல், உடைவாள் மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இப்போதைய வடிவில் கிரீடம் 1540இல் ஐந்தாம் ஜேம்ஸ் செய்வித்தது. செங்கோலும் வாளும் போப்பாண்டவர்கள் அனுப்பிய பரிசுகள். இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல்லின் படை வந்தபோது இவற்றைக் கடலோரக் கிராமம் ஒன்றின் தேவாலயத் தரைக்கடியில் புதைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1707இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இங்கிலாந்தோடு இணைந்ததும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிய அறைக்குள் வைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குமேல் யாரும் திறக்கவில்லை. 1818இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று பூட்டை உடைத்துப் பார்த்தபோது, துணியில் சுற்றியபடி அப்படியே இருந்தன. சொந்த நாடாளுமன்றத்தை இழந்த மக்களுக்கு அந்தப் பெட்டி திறந்தது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாருங்கள். முன்பு இதே அறையில் இருந்த ஸ்கோன் கல், மன்னர்கள் அமர்ந்து முடிசூடிய கல், 2024இல் பெர்த் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பழைய வழிகாட்டி நூல்களை நம்பி அதைத் தேட வேண்டாம்.

இரண்டாவது, பாறையின் உச்சியில் இருக்கும் புனித மார்கரெட் சிறுகோயில். எடின்பரோ நகரிலேயே மிகப் பழைய கட்டடம் இதுதான். முதலாம் டேவிட் தன் தாய் மார்கரெட் நினைவாக 1130 வாக்கில் கட்டினான். 1314இல் கோட்டையை மீட்ட புரூஸ், எதிரிக்கு மறுபடி பயன்படக்கூடாது என்று எல்லாவற்றையும் இடிக்கச் சொன்னபோதும் இது தப்பியது. பிற்காலத்தில் வெடிமருந்துக் கிடங்காகி, இது கோயில் என்பதே மறந்து, 1845இல்தான் மறுபடி அடையாளம் கண்டார்கள். உள்ளே இருபது பேர் நின்றால் அதிகம். பலிபீடத்துக்கு முன்னால் அரைவட்ட வளைவு. அதன் விளிம்பில் வரிசை வரிசையாகக் குறுக்கும்மறுக்குமாகச் செதுக்கிய கோடுகள். ஒன்பது நூற்றாண்டுக் கல்லை ஒரு முழத்தில் நின்று பார்க்கலாம். பலிபீடத்தில் எப்போதும் புதுப்பூ இருக்கும். மார்கரெட் என்று பெயர் கொண்ட ஸ்காட்லாந்துப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து முறைவைத்துப் பூ வைக்கிறார்கள். கோட்டை முழுவதிலும் என் மனம் தங்குகிற இடம் இதுதான்.

மூன்றாவது, அந்தக் கோயிலுக்கு வெளியே நிற்கும் மான்ஸ் மெக் பீரங்கி. 1449இல் இன்றைய பெல்ஜியத்தில் செய்தது. ஆறு டன் எடை. 150 கிலோ கல்குண்டை வீசும். 1681இல் மரியாதை வேட்டு போடும்போது குழாய் வெடித்தது. அந்தப் பிளவை இன்றும் காணலாம். குழந்தைகள் இதைவிட்டு நகர மாட்டார்கள். பகல் ஒரு மணிக்குச் சுடும் பீரங்கி வேறு. அது 1861 முதல் ஃபோர்த் கழிமுகத்தில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்க்கச் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

டிக்கெட் இல்லாமலே பார்க்கக்கூடியதும் ஒன்று உண்டு. கோட்டை வாசலுக்கு முன்னால் இருக்கும் அகன்ற மைதானத்தில் 78ஆம் ஹைலாண்டர் படைப்பிரிவின் நினைவுச் சிலுவை நிற்கிறது. அதில் ஒரு யானை செதுக்கியிருக்கிறார்கள். 1803இல் தக்காணத்தில் மராத்தியரோடு நடந்த அசாயே போரில் பெற்ற சின்னம் அது. சிலுவையோ 1857–58 இந்தியக் கிளர்ச்சியை அடக்கப் போய் இறந்தவர்களுக்கு. நம் நாட்டிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் கடந்துபோகக்கூடாது என்று நினைக்கிறேன். ஆகஸ்டில் ராணுவ இசை விழா நடக்கிறது. அதற்காக முன்கூட்டியே படிவரிசை இருக்கைகளைக் கட்டிவிடுவதால், கோடையில் மைதானமே அடைபட்டிருக்கும்.

இனி ஸ்டர்லிங். இதுவும் பாறைக் கோட்டைதான். ஆனால் எடின்பரோவில் கொத்தளத்தில் நின்றால் தெரிவது ஊர். இங்கே தெரிவது நாட்டின் வரலாறு. வடகிழக்கே வளைந்து வளைந்து ஓடும் ஃபோர்த் ஆறு, அதைத் தாண்டி 1869இல் முடித்த வாலஸ் நினைவுக் கோபுரம். 1297இல் வாலஸும் ஆண்ட்ரூ மரேயும் ஆங்கிலப் படையைப் பாலத்தில் பாதி கடக்கவிட்டு மடக்கி அழித்த களம் அந்த ஆற்றங்கரை. தெற்கே சில மைல் தொலைவில், 1314இல் புரூஸ் வென்ற பானக்பர்ன். வடக்கு மலைநாட்டுக்குப் போக வேண்டிய படை இந்த ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றைக் கடக்க இந்தப் பாறையைத் தாண்ட வேண்டும். இந்த ஒரு கோட்டைக்காக ஏன் இவ்வளவு ரத்தம் சிந்தினார்கள் என்பதை மதில்மேல் நிற்கும்போதே புரிந்துகொள்ளலாம்.

ஸ்டர்லிங்கின் உண்மையான பலம் மதிலுக்கு உள்ளே இருக்கிறது. ஐந்தாம் ஜேம்ஸ் தன் பிரெஞ்சு மனைவி மேரி டி கீஸுக்காக 1530களின் கடைசியில் கட்டத் தொடங்கிய அரண்மனை அது. 2011இல் 16ஆம் நூற்றாண்டு மத்தியில் இருந்திருக்கக்கூடிய தோற்றத்தில் புதுப்பித்துத் திறந்தார்கள். அரசனுக்கு மூன்று அறை, அரசிக்கு மூன்று அறை: வெளிக்கூடம், உள்கூடம், படுக்கையறை. இந்த வரிசையில்தான் ஓர் அரசவையின் இலக்கணமே இருக்கிறது. மனுவோடு வந்தவன் வெளிக்கூடத்தோடு நிற்பான். குலமும் பதவியும் உள்ளவனுக்கு உள்கூடம். படுக்கையறை வரை வரக்கூடியவன் அரசனின் நம்பிக்கைக்கு உரியவன். நாம் சாதாரணமாக நடந்து கடக்கிற ஒவ்வொரு வாசலிலும் ஒருவனின் வாழ்நாள் உழைப்பு நின்றுபோயிருக்கும். இதை ஒரு புத்தகம் எத்தனை பக்கம் சொன்னாலும் மனத்தில் பதியாது. கால் நடந்தால் பதியும். அந்தக் காலத்து உடையில் நிற்கும் பணியாளர்கள் அரசவை ஆட்களாகவே பேசுவார்கள். தயங்காமல் கேள்வி கேளுங்கள். நன்றாகத் தெரிந்து பேசுகிறார்கள்.

அரசன் உள்கூடத்தில் அண்ணாந்து பாருங்கள். விதானம் முழுக்க வண்ணம் தீட்டிய வட்ட மரச் சிற்பங்கள்: அரசர்கள், அரசிகள், ரோமானியப் பேரரசர்கள், ஒரு கோமாளி. இவை நகல்கள். 1777இல் ஒரு சிற்பம் கழன்று ஒரு சிப்பாய்மேல் விழுந்ததால் எல்லாவற்றையும் இறக்கினார்கள். அவை ஊரெல்லாம் சிதறின. மீட்ட அசல்கள் மேல்மாடிக் காட்சியறையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், ஓக் மரம், வண்ணம் போய் வெறும் மரமாக நிற்கின்றன. உளி போன தடம்கூடத் தெரியும். அவற்றில் ஒரு பெண் முகத்தைச் சுற்றி விளிம்பில் வட்டமும், ஒற்றைக் கோடும், இரட்டைக் கோடும் மாறிமாறிச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அது யாழ் போன்ற கருவிக்கு எழுதிய இசைக்குறிப்பாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நூற்றாண்டுகளாக யாரும் கவனிக்காத அலங்காரம்! பலர் கீழே நகலைப் பார்த்துவிட்டு மேலே ஏறாமலே போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

அரசியின் உள்கூடத்தில் ஒற்றைக்கொம்புக் குதிரையை வேட்டையாடும் காட்சிகள் நெய்த திரைகள் தொங்குகின்றன. ஸ்காட்லாந்தின் அரச சின்னத்தில் இருக்கும் விலங்கு அது. அசல் திரைகள் நியூயார்க்கில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக் கையால் நெய்து முடிக்க 2001 தொடங்கி ஏறக்குறைய 13 ஆண்டுகள் ஆயிற்று. கைத்தறி தெரிந்த எவரும் அந்தத் திரைக்கு முன்னால் நீண்ட நேரம் நிற்பார்கள். நாயின் கழுத்துப்பட்டையில் இருக்கும் எழுத்துகூட ஊடு நூலில் வந்திருக்கிறது. பின்னணியில் பூவுக்குப் பூ இலை வேறு. மேரி தன் குழந்தைப் பருவத்தின் முதல் ஆண்டுகளைக் கழித்த கோட்டை இது. எடின்பரோவில் ஒரு தேதியாக இருந்தவர், இங்கே தாயின் கூடத்தில் தவழ்ந்த குழந்தையாகத் தெரிகிறார்.

முற்றத்தின் மறுபக்கம் நான்காம் ஜேம்ஸ் 1503 வாக்கில் முடித்த பெருமண்டபம். நீளம் 42 மீட்டர், ஐந்து கணப்படுப்புகள். 1594இல் ஆறாம் ஜேம்ஸின் மகன் ஹென்றியின் ஞானஸ்நான விருந்தில், பாய்மரமும் பீரங்கியும் உள்ள ஒரு மாதிரிக் கப்பலை இந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்து அதிலிருந்து மீன் பரிமாறினார்கள். பின்னாளில் ராணுவம் இதே மண்டபத்தைத் தடுப்புச் சுவரும் மாடிகளும் வைத்துப் படுக்கைக் கூடமாக மாற்றியது. 1964இல் படை வெளியேறிய பின் மெல்ல மெல்ல மீட்டு, கூரையைப் புது ஓக் மரத்தில் எழுப்பி, 1999இல் திறந்தார்கள். வெளிச்சுவருக்குப் பூசிய மஞ்சள் சுண்ணாம்பு உள்ளூரில் பலருக்குப் பிடிக்கவில்லை. சாம்பல்நிறக் கல்லையே கோட்டை என்று பழகிய கண்ணுக்கு அது உறுத்துகிறது.

இங்கேதான் ஸ்டர்லிங்குக்கு எதிரான வாதமும் எழுகிறது. நாம் பார்க்கும் வண்ணம் நேற்றுப் பூசியது, கட்டில் புதிது, திரை நகல். இதில் பழமை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எடின்பரோவின் பெருமண்டபமும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் காலத்துக் கற்பனைப்படி மரப்பலகையும் வாள்வரிசையும் வைத்து அலங்கரித்ததே. வேறுபாடு, ஸ்டர்லிங்கில் எது அசல், எது நகல், எந்தச் சான்றை வைத்து இந்த வண்ணம் என்று சொல்லிக்காட்டுகிறார்கள் என்பது. எஞ்சிய பழைய சுண்ணாம்பையும் வண்ணத்தையும் ஆராய்ந்து செய்த வேலை அது. அந்தக் காலத்து அரசர்கள் வெறும் கல்லை விரும்பவில்லை. கூவுகிற நிறங்களை விரும்பினார்கள். அதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட்டால், மற்ற சாம்பல்நிறக் கோட்டைகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

புதுப்பித்த எதுவும் வேண்டாம், காலம் தின்ற கல்தான் வேண்டும் என்பவர்களுக்கு லின்லித்கோ இருக்கிறது. எடின்பரோவிலிருந்து ஸ்டர்லிங் போகும் ரயில் பாதையிலேயே, 20 நிமிடத்தில். 1746இல் எரிந்து கூரை போன அரண்மனை. ஏரிக்கரையில் அப்படியே நிற்கிறது. முற்றத்து நடுவில் ஐந்தாம் ஜேம்ஸின் மூன்றடுக்கு நீரூற்று. மேரி பிறந்த அரண்மனைக்கு இன்று வானம்தான் கூரை. கூட்டம் குறைவு. முதல்முறை வருகிறவர்கள் இதை மட்டும் பார்த்துத் திரும்பினால் புரியாமல் போகலாம். ஸ்டர்லிங்கைப் பார்த்த கண்ணோடு போனால் ஒவ்வொரு காலி ஜன்னலும் பேசும்.

ஸ்டர்லிங்கில் தமிழர்களுக்கென்று நான் சொல்ல விரும்புவது இன்னொன்று. கோட்டைக்குள்ளேயே ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலாண்டர் படைப்பிரிவின் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் படையின் இரண்டாம் பட்டாளம் 1942 ஜனவரியில் மலாயாவின் சிலிம் ஆற்றில் ஜப்பானியரிடம் சிதைந்தது. எஞ்சியவர்கள்தான் ஜனவரி 31 அன்று கடைசியாக ஜோகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்குள் போனவர்கள். சிங்கப்பூர் வீழ்ந்ததும் போர்க்கைதிகளாகப் பலர் சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிச் செல்லப்பட்ட நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் மாண்டது அதே பாதையில்தான். போர்க்கைதிகளுக்குக் கல்லறையும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. அந்தப் படையின் பதக்கங்களுக்கு நடுவே நிற்கும்போது இந்த நினைவு வராமல் எனக்கு இருந்ததில்லை.

நடைமுறைக்கு வருவோம். எடின்பரோ டிக்கெட் பெரியவர்களுக்கு 20 பவுண்டைத் தாண்டிவிட்டது. ஸ்டர்லிங் சில பவுண்டு குறைவு. ஆனால் ரயில் கட்டணம் சேர்த்தால் மொத்தச் செலவு கூடிவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். கிளாஸ்கோவில் தங்குகிறவர்களுக்கு ஸ்டர்லிங் இன்னும் அருகில். எடின்பரோவுக்கு நேரம் குறித்த நுழைவு. கோடையில் அன்றைக்கு வாசலில் போய் நின்றால் டிக்கெட் தீர்ந்திருக்கலாம். எதற்கானாலும் முன்பதிவு செய்வதே மலிவு. இரண்டுக்கும் லின்லித்கோவுக்கும் சேர்த்துப் போகிறவர்கள் அரசுத் தொல்லியல் அமைப்பு தரும் எக்ஸ்ப்ளோரர் பாஸ் விலையைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஏற்றம். இரண்டு கோட்டையிலும் கல் பாவிய சரிவு, மழையில் வழுக்கும். எடின்பரோவில் உச்சி வரை ஏற்றம் விடாது. ஸ்டர்லிங்கில் நிலையத்திலிருந்து கோட்டை வரை 20 நிமிட மேட்டு நடை. அதற்கு டாக்ஸி பிடித்துவிட்டால், உள்ளே முக்கியமானவை எல்லாம் ஒரே முற்றத்தைச் சுற்றி அடுத்தடுத்து இருக்கின்றன. உட்காரவும் இடம் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஸ்டர்லிங்தான். சிறு குழந்தைகளுக்கும் அதுவே: அந்தக் காலச் சமையற்கூடத்தில் ஆளுயரப் பொம்மைகள் வேலை செய்கின்றன, 1507இல் இறக்கை கட்டிக்கொண்டு இந்த மதிலிலிருந்து பிரான்சுக்குப் பறக்க முயன்று விழுந்து தொடையை முறித்துக்கொண்ட ஜான் டேமியன் கதையைச் சொன்னால் அன்று முழுவதும் அதையே பேசுவார்கள். போர், ஆயுதம், ராணுவம் இவற்றில் ஈடுபாடுள்ளவர்களுக்கும், கையில் அரை நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கும், மணிமகுடத்தைப் பார்க்காமல் திரும்ப மனம் வராதவர்களுக்கும் எடின்பரோவே சரி, வருத்தப்பட மாட்டார்கள்.

டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். பிற்பகல் நாலு மணி வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும். எடின்பரோவின் சிறப்பில் பாதி வெளியில் நின்று பார்ப்பது. காற்றும் தூறலும் சேர்ந்தால் அது போயிற்று. ஸ்டர்லிங்கில் கூரைக்குக் கீழே பார்க்கவே இரண்டு மணி நேரத்துக்கு இருக்கிறது. இரண்டு பகல் வைத்திருக்கிறவர்கள் முதல் நாள் எடின்பரோவுக்குக் காலை முதல் நுழைவில் போய், கூட்டம் சேருமுன் நேரே மணிமகுட அறைக்கும் மேரியின் அறைக்கும் போய்விட்டு, கோயிலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஸ்டர்லிங்; திரும்பும் வழியில் லின்லித்கோவில் இறங்கி ஒரு மணி நேரம், அடுத்த ரயில். ஆனால் லின்லித்கோ மூடும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்; பகல் குறுகிய மாதங்களில் வரிசையை மாற்றி, போகும் வழியிலேயே இறங்கிவிடுவது நல்லது.